தேயிலைக்கு அமில மண் பிடிக்கும் என்பது பாதி உண்மைதான்

நீலகிரியில் தேயிலை வைத்திருக்கும் யாரிடமாவது, மண் புளித்துக்கொண்டே போகிறதே என்று பேச்செடுத்துப் பாருங்கள். கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிடும்: "தேயிலைக்கு அமில மண்ணுதானே வேணும்?" கோத்தகிரிப் பக்கம் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் என் அண்ணனும் இதைத்தான் சொல்கிறார், அவருக்கு உரம் விற்கும் கடைக்காரரும் இதையேதான் சொல்கிறார். சொல்வதில் தப்பில்லை, தேயிலைக்கு அமில மண் வேண்டும்தான். ஆனால் எவ்வளவு அமிலம் என்ற கேள்வியை அந்தப் பதில் கேட்கவே விடுவதில்லை. அந்த ஒரு சமாதானத்தை வைத்துக்கொண்டு இத்தனை வருடமாக மூட்டை மூட்டையாக நைட்ரஜனைக் கொட்டிவிட்டோம் என்பதுதான் என் ஆதங்கம்.

நான் இருப்பது மும்பை செம்பூரில். ஜூனியர் காலேஜில் வேதியியல் எடுக்கிறேன். செம்பூருக்கும் தேயிலைக்கும் என்ன சம்பந்தம் என்றால், நிறையவே இருக்கிறது. எங்கள் கட்டட மொட்டைமாடியில் ஏறினால் டிராம்பே பக்கம் ஆர்.சி.எஃப். உர ஆலையின் புகைபோக்கிகள் தெரியும். 1974ல் மும்பை ஹை என்ற கடல்பகுதியில் எண்ணெய் கிடைத்தது, அதோடு சேர்ந்து வந்த எரிவாயுதான் இந்தப் பக்கத்து உரத் தொழிலைப் பெரிதாக்கியது. எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜன், காற்றிலிருந்து நைட்ரஜன், இரண்டையும் உயர் அழுத்தத்தில் இரும்பு வினையூக்கியின் மேல் செலுத்தினால் அமோனியா. அதை நான் வருடா வருடம் பன்னிரண்டாம் வகுப்பில் போர்டில் எழுதுகிறேன். அந்த அமோனியா யூரியாவாகி, சுஃபலா என்ற கலப்பு உரமாகி, சாக்கில் ஏறிப் போனபிறகு மண்ணுக்குள் என்ன செய்கிறது என்பது பாடத்தில் வராது. அண்ணனின் தோட்டத்தைப் பார்த்துத்தான் எனக்கு அந்த ஆர்வமே வந்தது.

எங்கள் வீட்டுக்குத் தேயிலை புதிதில்லை. 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம் நாங்கள். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க 1968ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் பிறகு டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் ஆனது. அப்பா அதில்தான் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தார். இப்போது அண்ணன் பார்ப்பது அவர் கடைசிக் காலத்தில் வாங்கிய நிலம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நெல்லில் நெல்மணியை எடுத்துக்கொள்கிறோம், வாழையில் தாரை எடுத்துக்கொள்கிறோம். தேயிலையில் எடுப்பதே இலையை, அதிலும் செடியின் நைட்ரஜன் முழுக்கத் திரண்டு நிற்கும் கொழுந்தை. உலர்ந்த கொழுந்தில் நூற்றுக்கு நாலு பங்கு, சில சமயம் அதற்கு மேலும் நைட்ரஜன் இருக்கும். ஒரு ஹெக்டேரில் வருடத்துக்கு 2000 கிலோ தூளுக்கான கொழுந்து பறித்தால், சுமார் 80 கிலோ நைட்ரஜனை அந்த நிலத்திலிருந்து மூட்டை கட்டி ஃபேக்டரிக்கு அனுப்பிவிட்டோம் என்று அர்த்தம். போனதைத் திருப்பிக் கொடுக்காமல் தேயிலை செய்ய முடியாது. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. யூரியாவே விஷம் என்று பேசுகிறவர்களோடு நான் சேரமாட்டேன், காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

மண்ணில் யூரியா விழுந்ததும் யூரியேஸ் என்ற நொதி அதை உடைத்து அம்மோனியமாக்குகிறது. அந்தக் கட்டத்தில் மண்ணின் அமிலம் கொஞ்சம் குறையக்கூடச் செய்யும். அப்புறம்தான் கதை மாறுகிறது. மண்ணில் இருக்கும் பாக்டீரியாக்கள் அந்த அம்மோனியத்தை நைட்ரேட் ஆக்கும்போது ஒவ்வொரு அம்மோனியத்துக்கும் இரண்டு ஹைட்ரஜன் அயனிகளை வெளியே விடுகின்றன. அமிலம் என்பது அந்த ஹைட்ரஜன் அயனிதான். போதாததற்குத் தேயிலை மற்ற பயிர்களைப் போல நைட்ரேட்டைத் தேடிப் போகாது, அம்மோனியத்தையே விரும்பி எடுக்கும், அப்படி எடுக்கும் ஒவ்வொரு முறையும் வேர் தன் பங்குக்கு ஒரு ஹைட்ரஜன் அயனியை மண்ணில் விடும். ஆக பாக்டீரியா பக்கம் போனாலும் அமிலம், வேர் பக்கம் போனாலும் அமிலம். மழையில் கரைந்து ஓடும் நைட்ரேட்டும் தனியாகப் போவதில்லை. அது எதிர்மின் அயனி, போகும்போது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் ஜோடி சேர்த்துக் கூட்டிக்கொண்டு போய்விடும். அந்த இரண்டும்தான் மண்ணின் புளிப்பை அடக்கி வைத்திருந்தவை.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. யூரியா வழியாகப் போகும் ஒரு கிலோ நைட்ரஜன் உண்டாக்கும் அமிலத்தை ஈடுகட்ட ஏறக்குறைய 1.8 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் வேண்டும் என்று உரக் கையேடுகள் சொல்கின்றன. அம்மோனியம் சல்பேட்டாகப் போட்டால் அதே ஒரு கிலோவுக்குச் சுமார் 5.4 கிலோ. இப்போது விற்கும் யூரியா மூட்டை 45 கிலோ, அதில் 46 சதவீதம் நைட்ரஜன், அதாவது 20.7 கிலோ. பெருக்கிப் பாருங்கள், ஒரு மூட்டை யூரியாவுக்கு 37 கிலோ சுண்ணாம்பு. அதே நைட்ரஜனை அம்மோனியம் சல்பேட்டில் கொடுத்தால் 112 கிலோ. மூட்டைக்கு மூட்டை இந்தச் சுண்ணாம்பை யார் போடுகிறார்கள்? பெரிய எஸ்டேட்டுகளில் செடியை வெட்டிவிடும் கவாத்து முறைக்கு ஒருதரம் டோலமைட், அதாவது மக்னீசியமும் கலந்த சுண்ணாம்புக்கல் தூள், போடும் வழக்கம் இருக்கிறது. இரண்டு ஏக்கர், ஒரு ஏக்கர்க்காரர்களிடம் கேட்டால் "அப்பா காலத்துல ஒருதரம் போட்ட ஞாபகம்" என்பார்கள்.

தேயிலைக்கு ஏற்ற மண் பி.எச். 4.5 முதல் 5.5 வரை. இந்த அளவில் 1 குறைந்தால் அமிலம் பத்து மடங்கு கூடியது என்று பொருள், 5க்கும் 4க்கும் நடுவில் இருப்பது அவ்வளவு பெரிய தூரம். 4க்குக் கீழே போனால் அமில மண்ணை விரும்பும் இந்தச் செடியே தடுமாறும்.

போன லீவில் ஊருக்குப் போயிருந்தபோது தோட்டத்தில் இரண்டு இடத்தில் மண் எடுத்துக்கொண்டு வந்தேன். ஒன்று ரோட்டோரப் பாத்தி. மூட்டையை இறக்கி வைப்பது அங்கேதான், உரம் வைக்கும் ஆட்களும் அங்கிருந்துதான் தொடங்குவார்கள், கை நிறைய விழுவது அங்கே. மற்றொன்று மேலே சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே, சரிவு அதிகம் என்பதால் உரம் குறைவாகவே ஏறும் இடம். காலேஜ் லேபில் நிழலில் உலர்த்தி, சலித்து, ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு காய்ச்சி வடித்த நீர் சேர்த்து, அரைமணி நேரம் கலக்கிவிட்டு மீட்டரை வைத்தோம். மாணவர்களும் சுற்றி நின்றார்கள். மர நிழல் மண் 5க்குக் கொஞ்சம் கீழே நின்றது. ரோட்டோர மண் 4ஐயும் தாண்டிக் கீழே இறங்கியது. ஒரே தோட்டம், ஒரே மழை, நடுவில் ஐம்பது அறுபது அடி கூட இருக்காது.

ஆனால் மீட்டர் இல்லாமலே அந்த வித்தியாசம் எனக்குத் தோட்டத்தில் தெரிந்திருந்தது. மர நிழலில் சருகை விலக்கினால் அடியில் கறுப்பாக, உதிரியாக மண், இலை எது மண் எது என்று பிரிக்க முடியாதபடி மக்கிப் போயிருந்தது, விரலை விட்டால் ஒரு புழுவாவது நெளியும். ரோட்டோரத்தில் போன கவாத்தில் விழுந்த இலை இன்னும் இலையாகவே, பாய் விரித்தது மாதிரி கிடந்தது. அதை உரித்தெடுத்தால் அடியில் இறுகிய மண், மேலே பாசி. செடியின் பக்கத்தில் தோண்டிப் பார்த்தேன். மேல்மண்ணில் வலைபோலப் பரவி நிற்க வேண்டிய வெள்ளை ஊட்டு வேர்கள் அங்கொன்றும் இங்கொன்றும்தான், பாதி பழுப்பேறிக் குட்டையாக இருந்தன.

மக்காத சருகு சின்ன விஷயம் இல்லை. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் பார்க் கிராஸ் என்றொரு புல்வெளிச் சோதனை 1856ல் தொடங்கி இன்றுவரை நடக்கிறது. அங்கே சுண்ணாம்பு போடாமல் வருடந்தோறும் அம்மோனியம் சல்பேட் மட்டும் போட்டுவந்த பாத்திகளில் பி.எச். 4க்கும் கீழே போய், மண்புழு இல்லாமல் போய், மக்காத புல் மெத்தை மாதிரித் திரண்டு நிற்கிறது. பக்கத்திலேயே உரம் போடாத பாத்தியில் அந்த மெத்தை இல்லை. புளித்த மண்ணில் மக்க வைக்கிற உயிர்கள் இருக்காது, மக்காவிட்டால் அந்தச் சருகில் இருக்கும் நைட்ரஜன் செடிக்குத் திரும்பாது, திரும்பாததை ஈடுகட்ட மறுபடி மூட்டை வாங்க வேண்டும்.

பி.எச். 5க்குக் கீழே இறங்க இறங்க மண்ணில் கட்டுண்டு கிடந்த அலுமினியமும் கரையத் தொடங்கும். மற்ற பயிர்களின் வேர் நுனியை அது கருக்கிவிடும். தேயிலை அதைத் தாங்கும், சொல்லப்போனால் முற்றிய இலைகளில் சேர்த்தே வைத்துக்கொள்ளும். அந்த இலை உதிர்ந்தோ கவாத்தில் விழுந்தோ மண்ணுக்கே திரும்பி, மேல்மண்ணில் அலுமினியத்தைக் கூட்டும். செடி தாங்குகிறது என்பதற்காக மண்ணில் இருக்கும் புழுவும் நுண்ணுயிரும் தாங்கும் என்று ஆகிவிடாது. "தேயிலைக்கு அமில மண் பிடிக்கும்" என்ற பேச்சில் விட்டுப்போகிற மறுபாதி இதுதான்.

எனக்கு ரொம்ப வலிப்பது இன்னொன்று. கால்சியமும் மக்னீசியமும் கழுவிப் போன தோட்டத்தில் முற்றிய இலைகள் நரம்புக்கு நடுவே மஞ்சளாகும், இலைக்காம்புப் பக்கம் மட்டும் பச்சை நிற்கும். மக்னீசியம் போதவில்லை என்று செடி சொல்வது அது. பச்சையத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கும் அணுவே மக்னீசியம்தானே. நைட்ரஜன் பற்றாக்குறை என்றால் இலை முழுக்க ஒரே சீராக வெளிறும், இப்படித் திட்டாக ஆகாது. ஆனால் தூரத்தில் நின்று பார்க்கும் கண்ணுக்குத் தோட்டம் மஞ்சளாகத் தெரிகிறது, அவ்வளவுதான். "யூரியா பத்தல போல" என்று இன்னொரு சுற்று வைப்பார்கள். அந்தச் சுற்று மிச்சமிருக்கும் மக்னீசியத்தையும் கழுவும். அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "பாப்பா, நீ சொல்றது சரியாவே இருக்கட்டும். யூரியா வெச்சா பத்து நாள்ல கொழுந்து திரும்புது, கண்ணால பாக்குறேன். டோலமைட் போட்டா எப்பத் தெரியும் சொல்லு" என்றார். அதற்கு என்னிடம் சட்டென்று ஒரு பதில் இல்லை, டோலமைட் வேலை செய்ய மாதங்கள் ஆகும், வருடம்கூட ஆகும்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. எத்தனையோ வருடமாக அரசு அந்த விலையை அசையவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. 2010ல் மற்ற உரங்களுக்கு ஊட்டச்சத்து அடிப்படையில் மானியம் என்று முறையை மாற்றியபோது யூரியாவை மட்டும் அதில் சேர்க்கவில்லை. பொட்டாஷ் விலை ஏறியது, யூரியா நின்ற இடத்திலேயே நின்றது. பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கேட்டு 2023ல் நீலகிரியில் சிறு விவசாயிகள் உண்ணாவிரதம் வரை போனார்கள். கையில் காசு இல்லாதவன் கடைக்குப் போனால் எதை வாங்குவான்? மிகவும் மலிவாகக் கிடைப்பது, மிகவும் சீக்கிரம் கண்ணுக்குத் தெரிவது, இரண்டும் யூரியாவாகவே இருக்கும்படி நாம்தான் அமைத்து வைத்திருக்கிறோம். மூட்டைக்கு அரசு தரும் மானியத்தில் ஒரு சின்னப் பங்கை எடுத்து, அந்த 37 கிலோ சுண்ணாம்பை மலையேற்றி விவசாயியின் வாசலில் இறக்கக் கொடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. யூரியாவுக்குப் பொதுப்பணம் போகலாம் என்றால், யூரியா செய்யும் சேதத்தைச் சரிசெய்யவும் போகத்தான் வேண்டும்.

இதற்கு நேர் எதிரான வழியையும் பார்த்துவிட்டோம். 2021ல் இலங்கை அரசு ரசாயன உர இறக்குமதியை ஒரே அறிவிப்பில் நிறுத்தியது. ஹட்டனில் சித்தி குடும்பம் இன்னும் தோட்டத்தில்தான் இருக்கிறது. கொழுந்து குறைந்து, நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய கிலோ கணக்கை எட்ட முடியாமல் அரைச் சம்பளத்தோடு வீட்டுக்கு வந்ததை அவர் போனில் சொல்லக் கேட்டிருக்கிறேன். நவம்பருக்குள் தடையைத் திரும்பப் பெற்றார்கள். ஆனாலும் 2021ல் 30 கோடி கிலோவை ஒட்டியிருந்த தேயிலை உற்பத்தி 2022ல் 25 கோடி கிலோ அளவுக்குச் சரிந்தது, டீசல் தட்டுப்பாடும் உர விலையும் சேர்ந்துகொண்டன. நைட்ரஜனை அடியோடு நிறுத்தினால் முதலில் பட்டினி கிடப்பது கூடை சுமக்கிறவர்கள். யூரியாவே வேண்டாம் என்பவர்களோடு நான் சேராததற்குக் காரணம் இதுதான்.

ஜப்பானின் ஷிசுவோகா வேறொரு பாடம். அங்கே பச்சைத் தேநீருக்கு நைட்ரஜன் கூடக் கூட தியானின் என்ற அமினோ அமிலம் கூடி, ருசியும் விலையும் ஏறும். அதனால் ஹெக்டேருக்கு 1000 கிலோவைத் தாண்டியெல்லாம் நைட்ரஜன் போட்டார்கள். செடி எடுத்துக்கொண்டது கொஞ்சம், மிச்சம் நீரில் இறங்கியது. தோட்டங்களை ஒட்டிய குளங்களில் நைட்ரேட் ஏறி, நீரே அமிலமாகி, மண்ணின் அலுமினியமும் சேர்ந்து வந்தது. அப்புறம்தான் மாகாண அளவில் வருடத்துக்கு 540 கிலோ என்று வழிகாட்டு அளவைக் குறைத்தார்கள். அதுவே நம் கணக்குக்கு ஏகப்பட்டது. நம்முடையது இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டிச் செய்து, பாலில் கொதிக்கும் சி.டி.சி. தூள். கென்யாவில் நடந்த உரச் சோதனைகளில் நைட்ரஜனைக் கூட்டக் கூட விளைச்சல் ஓரளவு வரை ஏறினாலும், கறுப்புத் தேநீரின் தரம் இறங்கிக்கொண்டேதான் வந்தது. ஜப்பான்காரருக்காவது ருசி கிடைத்தது, அளவுக்கு மீறிப் போடும் யூரியாவால் நமக்கு அதுவும் கிடைப்பதில்லை.

நம் மலைகளிலும் நீர் கீழேதான் போகிறது. கோத்தகிரிச் சரிவில் இறங்கும் ஓடைகள் பவானியிலும் மாயாற்றிலும் போய்ச் சேர்கின்றன. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தர அளவு. ஊருக்கு ஊர் ஊற்றுநீரை யாராவது தவறாமல் அளந்து, பஞ்சாயத்துப் பலகையில் எழுதிப் போட்டால் தேவலை. காற்றுக்கும் ஒரு பங்கு போகிறது. நைட்ரேட்டைப் பாக்டீரியாக்கள் உடைக்கும்போது கடைசிப் படியில் தீங்கில்லாத நைட்ரஜன் வாயுவாக்குகிற நொதி அமில மண்ணில் சரியாக வேலை செய்யாது, பாதியிலேயே நைட்ரஸ் ஆக்சைடாக வெளியேறிவிடும். நூறு வருடக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைவிட 273 மடங்கு சூடேற்றும் வாயு.

மண்ணைத் திருப்பிக் கொண்டுவர முடியுமா என்றால், முடியும் என்று நம்பக் காரணம் இருக்கிறது. வால்பாறைப் பக்கம் 1990களில் பழைய, சோர்ந்துபோன தேயிலை நிலத்தில் வரிசைகளுக்கு நடுவே குழி வெட்டி, கவாத்துக் கழிவும் சாணமும் போட்டு, மண்புழு விட்டு மூடிப் பார்த்தார்கள். உரம் மட்டும் போட்ட நிலத்தைவிட விளைச்சல் நன்றாகவே கூடியது. ஒரு ஏக்கர்க்காரர் முழு நிலத்தையும் அப்படி வெட்டக் கூலி கொடுக்க முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனால் கவாத்துக் குச்சியையும் இலையையும் விறகுக்கு அள்ளிக்கொண்டு போகாமல் அங்கேயே பரப்பிவிடக் காசு ஆகாது. தடித்த கட்டையை எடுத்துக்கொள்ளட்டும், இலையும் சிறு குச்சியும் கிடக்கட்டும். நைட்ரஜன், பொட்டாஷ் இரண்டும் அதில் கணிசமாக இருக்கிறது.

யூரியாவைப் பொறுத்தவரை அண்ணனும் நானும் ஒரு உடன்பாட்டுக்கு வந்திருக்கிறோம். எடுத்த கொழுந்தைக் கணக்குப் பார்த்து அதற்குத் தகுந்த அளவுதான், அதையும் வருடத்துக்கு இரண்டு தடவையில் கொட்டாமல் சின்னச் சின்னப் பங்காகப் பிரித்து, மண் ஈரமாக இருக்கும்போது, பெருமழைக்கு முன்னால் கண்டிப்பாக வேண்டாம், நைட்ரஜனோடு பொட்டாஷும் சேர்த்து. டோலமைட் போட்ட கையோடு யூரியா போடக்கூடாது, போட்டால் அமோனியா ஆவியாகப் போய்விடும், சில வாரம் இடைவெளி வேண்டும். டோலமைட்டையும் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடாது, பி.எச். 5.5ஐ மிஞ்சினால் தேயிலைக்கு அதுவும் ஆகாது. ரோட்டோரப் பாத்திக்கும் மர நிழலுக்கும் ஒரே அளவு போட்டால் ஒன்றில் குறையும், ஒன்றில் கூடும். அதனால் எதைச் செய்தாலும் முதலில் அளக்க வேண்டும்.

கோத்தகிரி, குன்னூர், கூடலூர், வால்பாறைப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்களோ, என்னைப் போல ஊரில் தோட்டத்தை விட்டுவிட்டு மும்பையில் இருப்பவர்களோ இதைப் படித்தால், மண் எடுக்கும் முறையை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கவாத்து செய்யப்போகும் வருடத்தில், கடைசியாக உரம் வைத்து இரண்டு மாதமாவது ஆன பிறகு எடுங்கள். சருகை விலக்கிவிட்டு, மேலிருந்து 9 அங்குலம் வரை ஒரு மாதிரி, அதற்குக் கீழே 18 அங்குலம் வரை இன்னொரு மாதிரி, இரண்டையும் தனித்தனிப் பையில் போடுங்கள். ஒரே பாத்தியில் பல இடத்தில் எடுத்துக் கலந்து அரைக் கிலோவாக்கினால் போதும், ஆனால் சரிவும் பள்ளமும், நிழலும் வெயிலும் ஒன்றாகக் கலக்கவேண்டாம். உரம் வந்த சாக்கில் மட்டும் போட்டுவிடாதீர்கள், முடிவு மொத்தமும் தப்பாகிவிடும். குன்னூரில் உபாசி என்ற தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கத்தின் வேளாண் அறிவியல் மையம் இருக்கிறது, வால்பாறையில் உபாசி தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, நேரில் போய்க் கேளுங்கள். பி.எச். மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாமல் மக்னீசியம், கால்சியம், மண்ணில் மக்கு எவ்வளவு என்று காட்டும் அங்ககக் கரிமம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அண்ணன் தோட்டத்தில் கவாத்து ஆகஸ்டில். மண் மாதிரியை அவர் எடுப்பது ஜூன் மழை வலுக்கும் முன்னால் என்று பேசி வைத்திருக்கிறோம்.